திட்டம் பெரட்டுக்களம் வரை போய்ச் சேரணும்: மாற்றக் காலத்தில் தொழில் வியூகத்தை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான், பாகான் டத்தோ வட்டாரத்தில் தொழில் நடத்துகிறவர்களிடம் திட்டத்துக்குப் பஞ்சமில்லை. கம்பெனிகள் அப்பா கையிலிருந்து பிள்ளைகள் கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. பெரிய நிறுவனங்களில் 2024 ஆகஸ்டில் தொடங்கிய இ-இன்வோய்ஸ் (வரி இலாகா வழியாகப் போகும் மின்னணு பில்) கட்டம் கட்டமாகச் சிறிய நிறுவனங்களுக்கும் இறங்கி வந்திருக்கிறது. பாமாயில் பிழியும் செம்பனை ஆலைகளோ பழம் எந்த நிலத்தில் வெட்டியது என்று தாள் கேட்கின்றன. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து வரும்போது எல்லாரும் உட்கார்ந்து பேசி, 'இனி இப்படித்தான் போகப் போகிறோம்' என்று ஒரு முடிவுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் அது நல்ல முடிவாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் லோரி பழைய நேரத்துக்கே கிளம்புகிறது, கிராணி (எழுத்தர்) பழைய ஏட்டிலேயே எழுதுகிறார், சம்பளமும் பழைய கணக்கிலேயே போகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு, அதாவது விடிகாலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் கூட்டம், தெரியும். துரை (தோட்ட நிர்வாகி) எடுத்த முடிவு கிராணியின் ஏட்டில் ஏறும். மறுநாள் விடிகாலை பெரட்டுக்களத்தில் மண்டோர் (மேஸ்திரி) ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, யாருக்கு எந்தக் காடு (தோட்டப் பிரிவு), எந்த நிரை என்று பிரித்துவிடுவார். அந்த நிர்வாக முறையில் அநியாயங்கள் நிறைய இருந்தன, அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் முதலாளியின் முடிவுக்கும் தொழிலாளியின் கைக்கும் நடுவில் தினமும் ஒரு பெரட்டு இருந்தது. இன்றைய நம் கம்பெனிகள் பலவற்றில் அந்த இடம் காலி. முடிவு கூட்டத்தில் பிறக்கிறது, வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியாக வருகிறது, அதோடு சரி. வியூகம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இடைவெளியை நிரப்புவது பற்றியது.

விளக்கத்துக்காக ஒரு லோரி கம்பெனியை வைத்துக்கொள்வோம். இது நானே அமைத்த எடுத்துக்காட்டு, யாரையும் குறிப்பதில்லை. 14 லோரிகள். தோட்டங்களிலிருந்தும் சிறுதோட்டக்காரர்கள் பழம் கொண்டுவந்து போடும் ரேம்ப்களிலிருந்தும் செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் தொழில். அப்பா ஓய்வுக்குப் போகிறார், மகள் பொறுப்பேற்கிறார். அப்பாவின் வழி, யார் கூப்பிட்டாலும் போவது, டன்னுக்கு இவ்வளவு என்று வாங்குவது. மகளின் திட்டம் வேறு: வாடிக்கையாளர் குறைவாக இருந்தாலும் பழத்தை நேரத்துக்கு, அடிபடாமல், தாள்கள் ஒழுங்காக ஆலையில் சேர்ப்பது, அதற்கு நல்ல கட்டணம் கேட்பது.

முதல் படி: எதைச் செய்ய மாட்டோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்

'தரமான சேவை வழங்கும் முன்னணி நிறுவனமாவோம்' என்று எழுதினால் அதை வைத்து யாரும் எந்த வேலையையும் மாற்ற முடியாது. ஓட்டுநர் அதைப் படித்துவிட்டு நாளைக்கு எதை வேறு மாதிரி செய்வார்? நம் எடுத்துக்காட்டுக் கம்பெனிக்கு இப்படி எழுதலாம்: 'வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்போம். எந்த நிலத்துப் பழம் என்ற தாள் இல்லாமல் ஏற்ற மாட்டோம். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்ற மாட்டோம்.'

முதல் வரி வாக்குறுதி. அடுத்த இரண்டும் இழப்பு. தாள் இல்லாத ரேம்ப்காரர் பத்து வருட வாடிக்கையாளராக இருக்கலாம், அப்பாவின் நண்பராகவும் இருக்கலாம். அவரை என்ன செய்வது என்று இந்தக் கட்டத்திலேயே குடும்பம் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். 'மூன்று மாத அவகாசம் கொடுப்போம், தாள் தயார் செய்ய நாமே உதவுவோம், அப்புறமும் இல்லையென்றால் நிறுத்துவோம்' என்பது நல்ல முடிவு. பேசாமல் விட்டால் மகள் வேண்டாம் என்று சொன்ன சரக்கை அப்பா போனில் சரி என்று சொல்லிவிடுவார். அன்றைக்கே ஓட்டுநர்களுக்குப் புரிந்துவிடும், இந்தத் திட்டம் சும்மா பேச்சு என்று. தலைமுறை மாறும் கம்பெனியில் அப்பாவும் பிள்ளையும் ஒரே வார்த்தை பேசுவதைவிட முக்கியமான காரியம் வேறில்லை. அப்பாவுக்கு இனி எந்த முடிவில் கை, எதில் இல்லை என்பதையும் மரியாதையோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு நடை வேலையோடு நீங்களும் போங்கள்

அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை எப்படி நடக்கிறது என்று வரைந்த படம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். லோரியில் ஏறி, கெலிண்டான் (ஓட்டுநரின் உதவியாள்) பக்கத்தில் உட்கார்ந்து, பழம் ஏற்றும் இடத்திலிருந்து ஆலை எடை மேடை வரை போய் வாருங்கள். கையில் ஒரு நோட்டு. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்குக் கிளம்பினோம், இது மட்டும் எழுதினால் போதும்.

நேரத்தை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்? குலை மரத்திலிருந்து விழுந்ததுமே பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைக்க ஆரம்பிக்கிறது. அடிபட்ட பழத்தில் அது இன்னும் வேகம். கொழுப்பு அமிலம் ஏறுகிறது, எண்ணெயின் தரம் இறங்குகிறது. கச்சா செம்பனை எண்ணெய் வாணிபத்தில் அந்த அமிலத்துக்கு 5 விழுக்காடுதான் வழக்கமான உச்ச வரம்பு. ஆலையில் நீராவியில் வேக வைத்த பிறகுதான் நொதி அடங்கும். ஆகவே 24 மணி நேரம் என்பது யாரோ வசதிக்காக வைத்த எண் இல்லை.

இப்போது நோட்டைப் பாருங்கள். பழம் காலை 9 மணிக்கு வெட்டியது, மாலை 4 வரை பிளாட்பாரத்தில் கிடந்தது. லோரி ஏன் 4 மணிக்கு வந்தது? காலையில் வேறொரு ரேம்பில் இரண்டு மணி நேரம் ஆட்கள் இல்லாமல் நின்றது. ஆலைக்கு ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தது, வரிசையில் எட்டு மணி வரை நின்றது. இந்த ஒரு நாள் கணக்கில் ஓட்டுநர் உண்மையில் வண்டி ஓட்டிய நேரம் மிகக் குறைவு. லோரியை வேகமாக ஓட்டச் சொல்வதில் ஒரு பயனும் இல்லை, காத்திருப்பைக் குறைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இந்தத் தாள் சொல்லிவிடும். உங்கள் தொழில் பட்டறையோ, மளிகை மொத்த வியாபாரமோ, கேட்டரிங்கோ, எதுவாக இருந்தாலும் ஒரு ஆர்டரை அதன் பிறப்பிலிருந்து பணம் வரும் வரை இப்படிக் கூடவே போய்ப் பாருங்கள்.

மூன்றாம் படி: 'திங்கட்கிழமை காலை யார் எதை மாற்றிச் செய்வார்?'

திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இந்தக் கேள்வியைப் போட்டு, ஆள் ஆளாகப் பதில் எழுதுங்கள்.

'தாள் இல்லாமல் ஏற்ற மாட்டோம்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். கிராணி: முதல் நாள் மாலை 6 மணிக்குள் மறுநாள் ஏற்றும் இடங்களின் பட்டியலையும், ஒவ்வொரு இடத்தின் எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிம எண்ணையும், எம்எஸ்பிஓ (நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான மலேசியத் தரச்சான்று) சான்றிதழ் விவரத்தையும் தயார் செய்வார். லோரி மேற்பார்வையாளர்: காலையில் வண்டி கிளம்பும் முன் ஓட்டுநர் கையில் அந்தத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். ஓட்டுநர்: ஏற்றும் இடத்தில் பெயரும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார், இல்லையென்றால் மேற்பார்வையாளருக்குப் போன் செய்வார். அவர் முடிவு சொல்லும் வரை ஏற்ற மாட்டார். கெலிண்டான்: வெட்டிய நாளைக் கேட்டு எழுதுவார். எம்எஸ்பிஓ 2020 ஜனவரியிலிருந்து கட்டாயமாகிவிட்டது, ஐரோப்பிய ஒன்றியமும் காடழித்த நிலத்துப் பொருளைத் தடுக்க 2023இல் சட்டம் கொண்டுவந்தது. ஆகவே இந்தத் தாள் வேலை குறையப் போவதில்லை, கூடத்தான் போகிறது. இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

பெரிய நோக்கத்தைச் சாதாரண மனிதர் செய்யக்கூடிய ஒரு காரியமாக மாற்றியதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர்களே தோட்டத்தை வாங்க வேண்டும் என்று அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் முனைந்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பேச்சு மட்டும் இருந்திருந்தால் அது பேச்சாகவே போயிருக்கும். பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா நாணயம்) கட்டலாம் என்று ஒரு வழி வைத்ததால்தான், பால் மரம் சீவுகிற ஒருவர் சம்பள நாளில் தன்னால் என்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொண்டார். நில உரிமை என்ற சொல் அவரவர் கையில் இருக்கும் பத்து வெள்ளியாகச் சுருங்கியபோதுதான் வேலை நடந்தது.

எழுதிய பட்டியலை மேலிருந்து கீழே அனுப்பிவிட்டு முடித்துவிடாதீர்கள். 1960களில் ஜப்பானிய நிறுவனங்கள் வளர்த்தெடுத்த ஹோஷின் கான்ரி என்ற முறையில் திட்டம் மேலிருந்து கீழே போகும், கீழே இருப்பவர்கள் 'இது முடியும், இது முடியாது, இதற்கு இன்னது வேண்டும்' என்று திருப்பி அனுப்புவார்கள், மேலே இருப்பவர்கள் மாற்றி மறுபடி அனுப்புவார்கள். டயர் செய்கிற பிரிட்ஜ்ஸ்டோன் அதில் முன்னோடி. நம்மவர்களிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு. முதலாளி முன்னால் 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள், 'சரி முதலாளி' என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு மனவியலாளர் கேரி கிளைன் சொன்ன வழி நன்றாக வேலை செய்கிறது: 'ஆறு மாதம் ஆகிவிட்டது, இந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் தோற்றது?' என்று கேட்டு, பேரில்லாமல் ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதச் சிரமப்படுகிறவர்களிடம் தனியாக, தே தாரிக் குடித்துக்கொண்டு கேளுங்கள். குறை சொல்லச் சொன்னால் வாய் திறக்காதவர்கள்கூட, ஏற்கெனவே தோற்றுப்போன திட்டத்துக்குக் காரணம் சொல்லச் சொன்னால் தாராளமாகச் சொல்வார்கள்.

நான்காம் படி: சம்பளக் கணக்கு திட்டத்தோடு சண்டை போடக் கூடாது

மற்ற படிகளில் எதையாவது அரைகுறையாகச் செய்தாலும் சமாளித்துவிடலாம். இதில் முடியாது.

மகள் ஓட்டுநர்களைக் கூட்டிப் பேசுகிறார் என்று வையுங்கள். தரம், நேரம், தாள் எல்லாம் விளக்கி முடிக்கிறார். அப்பா காலத்திலிருந்து இருக்கும் மூத்த ஓட்டுநர் ஒருவர் எழுந்து கேட்கிறார்:

"தங்கச்சி, நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆலையில ரெண்டரை மணி நேரம் வரிசையில நிக்கிறேனே, அதுக்கு யாரு காசு தருவா?"

"அங்கிள், அத இன்னும் யோசிக்கல. இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்றேன்."

நல்ல பதில் அது. மழுப்பாமல் நாள் குறித்தது இன்னும் நல்லது. அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. டன் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்குக் காத்திருக்கும் நேரம் வீண், குறைவாக ஏற்றினால் நட்டம், தாள் சரியில்லை என்று திரும்பி வந்தால் அன்றைய கூலியே போச்சு. திட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது, சம்பளச் சீட்டு மறுபக்கம் இழுக்கிறது. பிள்ளைகள் படிப்பும் வீட்டுத் தவணையும் சம்பளச் சீட்டில்தான் இருக்கின்றன, ஆகவே எது ஜெயிக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

டன் கணக்கு இன்னொரு ஆபத்தையும் வளர்க்கிறது, அது அதிக பாரம். 2025 மே 13ஆம் தேதி இதே தெலுக் இந்தானில் கலகத் தடுப்புப் படையினர் சென்ற வாகனமும் கல் ஏற்றிய லோரியும் மோதி 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கனரக வாகனங்களின் எடை, வேகம், பராமரிப்பு எல்லாவற்றிலும் அதிகாரிகளின் பிடி இறுகியிருக்கிறது. எடைக்கு மேல் ஏற்றாதே என்று சுவரில் எழுதி வைத்துவிட்டு, டன்னுக்கு மட்டும் காசு கொடுக்கும் கம்பெனி உண்மையில் ஏற்றச் சொல்லித்தான் கொடுக்கிறது.

புதிய கணக்கை இப்படி அமைக்கலாம். நிலையான அடிப்படைச் சம்பளம் ஒன்று. ஒவ்வொரு நடைக்கும் ஒரு தொகை, தூரத்தைப் பொறுத்து. ஆலையில் முதல் 45 நிமிடத்துக்கு மேல் நிற்கும் நேரத்துக்குக் காத்திருப்புப் படி. தாள் முழுமையாகவும் பழம் நேரத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்த நடைகளுக்கு ஊக்கத்தொகை. டன் கணக்கு இருக்கட்டும் என்றால் அனுமதித்த எடை வரைக்கும்தான், அதற்கு மேல் ஏற்றிய எடைக்கு ஒரு காசும் கிடையாது.

மாறும் காலத்தில் முதல் மூன்று மாதம் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் இரண்டையும் போட்டு, இரண்டு தொகையையும் சம்பளச் சீட்டில் காட்டி, எது அதிகமோ அதைக் கொடுங்கள். கம்பெனிக்கு இது செலவுதான். ஆனால் ஓட்டுநர் தன் கண்ணாலேயே இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கிறார். நல்ல ஓட்டுநர்கள் இரண்டாவது மாதமே புதிய கணக்கில் அதிகம் வாங்கினால், மற்றவர்களிடம் அதை அவர்களே சொல்வார்கள். அப்படி யாருமே அதிகம் வாங்கவில்லை என்றால் உங்கள் கணக்கில்தான் கோளாறு, மாற்றுங்கள்.

சட்டத்தையும் கையோடு பார்த்துக்கொள்ளுங்கள். எடை, நடை, வேலையளவு, கமிஷன், எந்தக் கணக்கில் கொடுத்தாலும் மாதச் சம்பளம் 1,700க்குக் கீழே போகக் கூடாது. 2023 ஜனவரியிலிருந்து வார வேலை நேரம் 48லிருந்து 45 மணியாகக் குறைந்துவிட்டது. கூடுதல் நேரத்துக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, மாதத்துக்கு 104 மணி நேரம்தான் உச்சம். சம்பள முறையை முதலாளி தானாக மாற்றிக் குறைத்துவிட முடியாது. பேசி, எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். தன்னை வேலையை விட்டுப் போகும்படி செய்துவிட்டார்கள் என்று நினைப்பவர் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் முறையிடலாம்.

மாற்றத்தில் சில வேலைகள் இல்லாமலே போகும் என்றால் அதை மறைக்காதீர்கள். ஆட்குறைப்புக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் தொழிலாளர் இலாகாவுக்கு பிகே பாரம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் முன்னறிவிப்பு, இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், ஐந்து வருடம் வரை 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி இழப்பீடு, ஒரு வருடம் முடித்தவர்களுக்கு, அதே சேவைக்கால வரிசையில் வருடத்துக்கு 10, 15, 20 நாள் சம்பளம். வேலை இழப்பவரை சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) வேலைக் காப்புறுதித் திட்டத்தில் விண்ணப்பிக்க வைப்பதும் உங்கள் கிராணி கூட உட்கார்ந்து செய்து கொடுக்க வேண்டிய வேலை. சின்ன ஊர் இது. போகிறவரை எப்படி அனுப்புகிறீர்கள் என்று இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் படி: மண்டோரைத் தயார் செய்யுங்கள்

பெயர் மேற்பார்வையாளராக இருக்கலாம், பட்டறையில் ஹெட் மெக்கானிக்காக இருக்கலாம். திட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் இவர் வாயில் இருக்கிறது. 'மேலே சொல்லிட்டாங்கப்பா, செஞ்சுதான் ஆகணும்' என்று அவர் சொன்னால் வேலை நடக்கும், ஆனால் நீங்கள் பார்க்கும்போது மட்டும். 'இதனால நம்ம வண்டி ஆலையில சீக்கிரம் வெளிய வரும்' என்று சொன்னால் கதையே வேறு.

அதனால் பொதுக் கூட்டத்துக்கு முன்பே அவரோடு தனியாக உட்காருங்கள். அவர் பயப்படுவது என்ன என்று கேளுங்கள். அநேகமாக இரண்டு இருக்கும். ஒன்று, இதுவரை யாருக்கு எந்த நடை என்று பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது, இனி பட்டியல் அலுவலகத்திலிருந்து வரப் போகிறது. இரண்டு, போனில் படம் எடுத்து ஏற்றுவது, தாளில் எண் சரிபார்ப்பது எல்லாம் அவருக்குப் புதிது, பிள்ளை வயசு ஓட்டுநர்கள் முன்னால் தடுமாற அவருக்கு மனமில்லை. முதலாவதற்கு வேறொரு அதிகாரம் கொடுங்கள்: தாள் சரியில்லாத சரக்கை நிறுத்தும் உரிமை அவருடையது, அந்த முடிவை அப்பாவும் மகளும்கூட மாற்ற மாட்டார்கள். இரண்டாவதற்கு யாரும் இல்லாத நேரத்தில், தமிழிலேயே, பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள்.

பத்து அல்லது அதற்கு மேல் உள்நாட்டு ஊழியர்கள் இருந்து எச்ஆர்டி கோர்ப் (மனிதவளப் பயிற்சி நிதியை நடத்தும் அமைப்பு) பொறுப்பில் வரும் கம்பெனிகள் மாதம் 1 விழுக்காடு தீர்வை கட்டுகின்றன. அந்தப் பணம் பயிற்சிக்காகத்தான் இருக்கிறது. கட்டிவிட்டு மறந்துவிடுகிறவர்கள் நிறைய பேர். மேற்பார்வையாளர் பயிற்சிக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் மொழி. ஏற்றி இறக்கும் ஆட்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருப்பார்கள். தாளை மலாயில் போடுங்கள், படம் போடுங்கள். தமிழில் மட்டும் விளக்கிவிட்டு எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

ஆறாம் படி: எதையாவது நிறுத்துங்கள்

புதிய வேலை ஐந்து சேர்க்கிறீர்கள், பழைய வேலை எல்லாம் அப்படியே இருக்கிறது. கிராணிக்கு ஒரு நாளில் அதே எட்டு மணி நேரம்தான். புதிய பட்டியல் வந்தால் பழைய ஏட்டை மூடுங்கள், இரண்டையும் எழுதச் சொல்லாதீர்கள். யாரும் படிக்காத மாத அறிக்கையை நிறுத்துங்கள். எது போகிறது என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். அதைக் கேட்கும்போது முகங்களில் வருகிற நிம்மதியே திட்டத்துக்குப் பாதி ஆதரவு.

ஏழாம் படி: மூன்று எண்கள், ஒரு பலகை, தினமும் பத்து நிமிடம்

மாதக் கடைசியில் வரும் லாபக் கணக்கை மட்டும் பார்த்துக் கம்பெனியை நடத்த முடியாது. அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது. ராபர்ட் கேப்ளனும் டேவிட் நார்ட்டனும் 1992இல் முன்வைத்த சமநிலை மதிப்பெண் அட்டையின் சாரமும் இதுதான்: பணத்தோடு வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் என்று மற்றப் பக்கங்களையும் அளக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இருபது அளவுகள் வைத்துக்கொள்ளட்டும். 14 லோரிக்கு மூன்று போதும்.

வெட்டியதிலிருந்து எடை மேடை வரை 24 மணி நேரத்துக்குள் சேர்ந்த நடைகள், நூற்றுக்கு எத்தனை. தாள் முழுமையாக இருந்த நடைகள், நூற்றுக்கு எத்தனை. ஆலையில் சராசரிக் காத்திருப்பு, நிமிடத்தில்.

வண்டிகள் நிற்கும் கொட்டகையில் ஒரு வெள்ளைப் பலகை. நேற்றைய மூன்று எண்களையும் மேற்பார்வையாளரே கையால் எழுத வேண்டும். காலை கிளம்பும் முன் பத்து நிமிடம் எல்லாரும் அந்தப் பலகை முன் நிற்க வேண்டும். இதுதான் உங்கள் பெரட்டு. மூன்று கேள்வி: நேற்று எது தடுத்தது, இன்று எது தடுக்கும், அதை யார் எடுத்துவிடுவார்? ஓட்டுநர் பெயரைப் போட்டு யார் மோசம் என்று பலகையில் எழுதாதீர்கள். எழுதினால் மறுநாளிலிருந்து எண்கள் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. தனி ஆளிடம் பேச வேண்டியதைத் தனியாகப் பேசுங்கள்.

தாளில் நேரம் எழுதும் இடம் மிக எளிதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஓட்டுநரின் கை முழுக்க எண்ணெயும் மண்ணும். பேனா ஓடாது. நான்கே கட்டம்: வெட்டிய நாள், ஏற்றிய நேரம், ஆலைக்குள் வந்த நேரம், வெளியே வந்த நேரம். ஆலையின் எடைச் சீட்டில் அச்சாகும் நேரம் இருந்தால் அதையே எடுத்துக்கொண்டு ஒரு கட்டத்தைக் குறைத்துவிடுங்கள்.

எட்டாம் படி: எப்போது, எங்கே தொடங்குவது

செம்பனையில் விளைச்சல் வருடம் முழுக்க ஒரே மாதிரி வராது. பொதுவாக ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பழம் குவியும், ஜனவரி, பிப்ரவரியில் குறையும். செப்டம்பரில் புதிய முறையைக் கொண்டுவருவது எல்லார் பொறுமையையும் சோதிப்பது. பழம் குறைந்த மாதங்களில் தொடங்குங்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அதே நேரத்தில் வரும், விடுமுறையைக் கணக்கில் வைத்து நாள் குறியுங்கள்.

14 லோரியிலும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு வழித்தடம், மூன்று லோரி, தாள் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் ஒரு தோட்டம், ஒரு ஆலை. ஓட்டுநர்களில் ஒருவராவது சந்தேகக்காரராக இருக்கட்டும், அவர் கேட்கும் கேள்விகள் உங்களுக்கு வேண்டும். அறுவடைச் சுற்று ஒரு காட்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 நாளுக்கு ஒரு முறை வரும். ஆகவே ஒரு வாரத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள், குறைந்தது மூன்று நான்கு சுற்றாவது பாருங்கள்.

முனகல் வரும். எல்லா முனகலும் எதிர்ப்பு இல்லை. 'இது முடியாது' என்பவரிடம் 'எந்த இடத்தில் முடியாது?' என்று கேளுங்கள். இடத்தைக் காட்டினால் அவர் உதவுகிறார். 'ரோடு மோசம், இந்த ரேம்புக்கு மழையில் ஏற முடியாது' என்பது தகவல், அதை எழுதிக்கொள்ளுங்கள். இடத்தைக் காட்டாமல் முனகிக்கொண்டே இருப்பவரிடம் பெரும்பாலும் பயமோ பழைய மனத்தாங்கலோ இருக்கும், அதைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஒன்பதாம் படி: 90 நாள் கழித்து

மூன்று மாதம் முடிந்ததும் அப்பா, மகள், கிராணி, மேற்பார்வையாளர், ஓட்டுநர்களில் இருவர் என்று ஒரே மேசையில் உட்காருங்கள். பலகையிலிருந்த எண்களை வாரவாரியாக ஒரே தாளில் போடுங்கள்.

தாள் முழுமையாக இருந்த நடைகள் ஏறி, நேரத்துக்குள் சேர்ந்த நடைகள் ஏறவில்லை என்றால் உங்கள் ஆட்கள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள், தடை வெளியே இருக்கிறது. இரண்டுமே ஏறவில்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள், சம்பளக் கணக்கில் ஏதோ உறுத்துகிறது. இரண்டும் ஏறி, பணம் வரவில்லை என்றால் நடைமுறையில் குறை இல்லை, வியூகத்திலேயே குறை இருக்கலாம்: நல்ல சேவைக்குக் கூடுதல் கட்டணம் தர வாடிக்கையாளர் தயாராக இல்லை. அப்போது நடைமுறையை இன்னும் இறுக்கிப் பயனில்லை, வாக்குறுதியையே மாற்ற வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், எல்லாவற்றுக்கும் 'ஆட்கள் சரியில்லை' என்று முடிப்பதுதான் இந்த ஊர்க் கம்பெனிகளில் நான் அடிக்கடி கேட்கும் தவறான தீர்ப்பு.

ஆலை வரிசைதான் தடை என்று எண்கள் காட்டினால், இதுவரை சேர்ந்த நேரத் தாள்களை எடுத்துக்கொண்டு ஆலை மேலாளரைப் பாருங்கள். 'ரொம்ப நேரம் நிக்க வைக்கிறீங்க' என்று போய் நின்றால் அவரும் தன் கஷ்டத்தைச் சொல்வார். எந்தக் கிழமை, எந்த நேரம், எத்தனை நிமிடம் என்று தாள் மேசையில் இருந்தால் பேச்சு வேறு திசையில் போகும். அவருக்கும் புதுப்பழம் சீக்கிரம் உள்ளே வருவதுதான் லாபம். இரண்டு காரியம் கேளுங்கள்: தாள் முழுமையாக உள்ள வண்டிகளுக்குக் காலையில் ஒரு நேர ஒதுக்கீடு, பழம் குவியும் மாதங்களில் வரிசை நீளும்போது முன்கூட்டியே ஒரு போன். முதலாவது கிடைக்காவிட்டால் அடுத்த ஆலைக்குத் தூரமும் டீசலும் என்ன ஆகும் என்று கிராணியிடம் கணக்குக் கேளுங்கள். அந்தக் கணக்கு வந்த பிறகு இரண்டாவது வழித்தடத்தில் எந்த மூன்று லோரி என்று மேற்பார்வையாளரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.